ஒரே சரிவு, மூன்று விண்ணப்பம்

என் அண்ணன் மகள் எம்.எஸ்சி. புவியியல் முடித்துவிட்டு ஆறு மாதமாகக் கோத்தகிரியில் இருக்கிறாள். முனைவர் பட்டத்துக்குச் சேரப் போகிறாள், மண்சரிவைத்தான் எடுக்கப் போகிறாள். இந்த இரண்டிலும் அவளுக்குக் குழப்பம் இல்லை. எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதில்தான் குழப்பம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்து, கைபேசியில் மூன்று பக்கங்களைத் திறந்து காட்டினாள். மூன்றுமே ஆராய்ச்சிப் படிப்புக்குள் நுழைய எழுதும் தேர்வுகள். ஒன்று யு.ஜி.சி. நெட், புவியியல் தாள். அடுத்தது சி.எஸ்.ஐ.ஆர். நெட், புவி அறிவியல் தாள். மூன்றாவது கேட், ஜியோமேட்டிக்ஸ், அதாவது நில அளவைத் தாள்.

“அத்தே, மூணும் நான் எழுதலாம். மூணுலயும் மண்சரிவு வருது. எதுக்குப் படிக்கட்டும்?”

முதலாவது சமூக அறிவியலின் வாசல், அடுத்தது இயற்கை அறிவியல், மூன்றாவது பொறியியல். சுற்றுச்சூழல் படித்த பிள்ளைகளும் இதே முச்சந்தியில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அன்றைக்கும் அதற்குப் பிறகும் சொன்னதைக் கொஞ்சம் கோர்வையாக இங்கே எழுதுகிறேன். நான் தாவரவியல்காரி, ஊட்டியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். என் சாய்வு எந்தப் பக்கம் இருக்கும் என்று நீங்கள் இப்போதே ஊகித்திருப்பீர்கள்.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை இது. யு.ஜி.சி.க்கும் சி.எஸ்.ஐ.ஆருக்கும் ஒன்றுதான். கேட் மதிப்பெண்ணோடு ஐ.ஐ.டி.யில் சேர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே அளவு. உதவித்தொகை எதுவும் இல்லாமல் சேர்ந்தால் மூன்றிலும் ஒரே பட்டினி. காலக்கெடுவும் பொதுவானது: 2022 விதிகளின்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2.

தேர்வில் வித்தியாசம் உண்டு. யு.ஜி.சி. நெட் வருடத்துக்கு இரண்டு முறை வரும், 150 கேள்வி, தப்பாக எழுதினால் மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். சி.எஸ்.ஐ.ஆரில் கழிப்பார்கள். கேட் வருடத்துக்கு ஒரே முறை, ஆனால் அந்த மதிப்பெண் 3 வருடம் செல்லும். நெட் தேறினால் உதவிப் பேராசிரியர் ஆவதற்கான தகுதியும் கூடவே வரும், கேட்டில் அது வராது. புவியியல் தாளில் வருகிற நிலவடிவம், காலநிலை, மக்கள்தொகை, குடியிருப்பு எல்லாம் அவள் ஏற்கெனவே படித்தவை. புவி அறிவியல் தாளுக்குப் பாறை, கடல், வளிமண்டலம், கோள்கள் என்று புதிதாக ஒரு மூட்டை சுமக்க வேண்டும். கேட்டுக்குக் கணக்கு, சர்வே, ஜி.பி.எஸ்., தொலையுணர்வு.

இவ்வளவையும் அவளே தேடிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவளுக்குத் தெரியாதது, உள்ளே போன பிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிக் கழியும் என்பது. அதைச் சொல்ல, எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே இடத்தை எடுத்துக்கொண்டேன். என் அம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு.

அம்மா 1972இல் சிலோனிலிருந்து வந்தவர். மலையகத் தமிழரை இரண்டு நாட்டுக்கும் பிரித்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தப் பக்கம் எழுதிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின, இன்றைக்கு டேன்டீ என்கிறோமே அது. எல்லாருக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் தனியார் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள், யாரும் வேண்டாம் என்று விட்டிருந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டினார்கள். வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். வெட்டிய மண் இரண்டு ஆள் உயரம். அதற்கு மேலே தேயிலை, அதற்கு மேலே கற்பூர மரம் (யூகலிப்டஸ்), அதற்கும் மேலே ரோடு. 2009 நவம்பர் மழையில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்களை மண் விழுங்கியபோது எங்களுக்கு ஒரு ஜீப் அளவு மண்தான் விழுந்தது. பின்சுவரில் அன்றைக்கு வந்த விரிசல் இன்னும் இருக்கிறது.

இயற்கை அறிவியல் படித்தவர் அங்கே போனால் முதலில் கேட்பது, இந்த மண் எதனால் இன்னும் நிற்கிறது என்று. நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கடினமான பாறை. அது யுகக்கணக்கில் மக்கி, மேலே களிமண் கலந்த செம்மண்ணாகத் தடிமனான போர்வை போலக் கிடக்கிறது. மழை இறங்க இறங்கப் போர்வைக்குள் நீரழுத்தம் ஏறும், மண்ணை மண்ணோடு பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறையும், ஒரு கட்டத்தில் மொத்தமாக இறங்கும். எத்தனை நாள் ஊறிய பிறகு, எவ்வளவு வேகத்தில் பெய்தால் இறங்கும்? 1980இல் நெல் கெய்ன் என்பவர் உலகத்தில் பல இடங்களில் நடந்த சரிவுகளைத் திரட்டி, மழையின் வேகத்தையும் அது நீடித்த நேரத்தையும் வைத்து ஒரு எல்லைக்கோடு போட்டார். அன்றிலிருந்து ஆளாளுக்குத் தங்கள் மலைக்கு ஏற்ப அந்தக் கோட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத்துக்கு ஒரு கோடு போடுவது நல்ல தீசிஸ்தான்.

ஆனால் மலை உன் காலண்டரைப் பார்த்துச் சரியாது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த வருடம் கருவி வைத்திருந்தவருக்கு ஒரு ஆயுளுக்கான தரவு. முந்தைய வருடமே களப்பணியை முடித்துக்கொண்டு இறங்கியவருக்கு?

என் கதையையே சொன்னேன். சீகை (வாட்டில்) மர நிழலில் சோலைக்காட்டு மரக்கன்றுகள் முளைத்து நிற்குமா என்பதுதான் என் கேள்வி. திறந்த புல்வெளியில் ஜனவரி உறைபனி சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும், அந்நிய மரமானாலும் சீகையின் நிழல் அவற்றைக் காப்பாற்றுமா என்று பார்க்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக 40 இடத்தில் கயிறு கட்டி, ஒவ்வொரு கன்றுக்கும் அலுமினியச் சீட்டு மாட்டினேன். நுழைய அனுமதிக் கடிதம் வர ஒன்பது மாதம் ஆனது, அதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் ரத்தக்கொதிப்பு ஏறும். இரண்டாவது குளிர்காலத்தில் போய்ப் பார்த்தால் காட்டுப்பன்றிக் கூட்டம் 11 சதுரங்களை உழுது போட்டிருந்தது. சீட்டுகள் சேற்றில் மின்னின. உட்கார்ந்து அழுதேன், பிறகு மிச்சமிருந்த 29ஐ எண்ணினேன். மொத்தம் ஏழு வருடம்.

இந்த மலைகளில் நடந்த பெரிய வேலைகளும் அப்படித்தான், யாருடைய அவசரத்துக்கும் நடக்கவில்லை. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மழைக்கு விடை கிடைக்கவில்லை. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெயில் அடித்த நாளெல்லாம் எடுத்து வைத்த சூரியப் படங்களை இன்றைக்கு வேறு கேள்விகளோடு வேறு ஆட்கள் புரட்டுகிறார்கள். முதுமலையில் 1988இல் 50 ஹெக்டேர் அளந்து மரமாக எண்ணத் தொடங்கினார்கள், இன்னும் எண்ணுகிறார்கள். ஊட்டியில் அண்டக் கதிர்களைப் பிடிக்க வைத்த கிரேப்ஸ்-3 கருவிகளுக்கு இடிமேகம் என்றால் தொந்தரவு. அந்தத் தொந்தரவைக் கணக்கிட்டுப் பார்த்ததில்தான் 2014 டிசம்பர் 1ஆம் தேதி மேலே போன ஒரு மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது தெரிந்தது. அது அச்சில் வந்தது 2019இல். இப்படிப்பட்ட நீண்ட வேலையில் முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைப்பது ஒரு துண்டு. அந்தத் துண்டில் திருப்தி அடைகிற மனசு வேண்டும். எனக்கு அது இருந்தது. அவளுக்கு இருக்கிறதா என்று கேட்டேன். “தெரியல அத்தே” என்றாள். நேர்மையான பதில்.

பொறியியல்காரர் அதே சரிவைப் பார்த்தால் கேள்வி மாறிவிடும். எதனால் நிற்கிறது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம், எப்படி நிறுத்தி வைப்பது, முடியாவிட்டால் எப்படி முன்கூட்டிச் சொல்வது என்பதுதான் முதலில். மண்ணை வெட்டி எடுத்துப் பெட்டியில் வைத்து நறுக்கிப் பார்ப்பார்கள். பிடித்து நிறுத்தும் பலத்தைத் தள்ளும் பலத்தால் வகுப்பார்கள். விடை 1க்கு மேலே இருந்தால் நிற்கும், கீழே வந்தால் சரியும். ஒரு எண்ணில் விடை சொல்ல முடிவது பெரிய கவர்ச்சி. என் அண்ணனுக்கு இந்த வாசல்தான் பிடித்திருந்தது. தேயிலை பாக்டரிக்கு லாரி ஓட்டுகிறவர், எதையும் ‘ஓடுதா, நிக்குதா’ என்று பார்க்கிற ஆள். “செவுரு கட்டத் தெரிஞ்ச படிப்பு படி, பொழைச்சுக்குவ” என்றார்.

இங்கேயும் காத்திருப்பு உண்டு, ஆனால் வேறு மாதிரி. எனக்குத் தம்பி முறையுள்ள ஒருவர் சிவில் துறையில் இதே ஆராய்ச்சி செய்தார். மழைமானிக்கு ஆர்டர் போட மூன்று கொட்டேஷன், கமிட்டி, கையெழுத்து என்று ஒரு பருவமழை போனது. வந்ததை ஒரு பள்ளிக்கூட மாடியில் மாட்டினார். உள்ளே சீசா பலகை போல இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பினால் சாய்ந்து கொட்டும், அடுத்தது நிமிரும். ஒவ்வொரு சாய்வுக்கும் 0.2 மில்லிமீட்டர் என்று எண்ணிக்கொள்ளும். ஆறு வாரம் கழித்துத் தரவை இறக்கினால், குடை இல்லாமல் வெளியே போக முடியாத வாரத்திலும் பூஜ்யம். மூடியைத் திறந்தார். புனல் வாயில் ஒரு கற்பூர இலை ஒட்டியிருந்தது, கீழே கிண்ணத்தில் எறும்புப் புற்று. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்த் துடைத்தார். “என் தீசிஸ்ல பாதி எறும்புதான் அக்கா” என்று இன்றைக்கும் சிரிப்பார். பொறியியல் ஆராய்ச்சி என்றால் கணினியில் வண்ண வண்ணமாக வரைபடம் வரும் என்று நினைத்துப் போகிற பிள்ளைகள் இந்தத் துடைப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

ஆனால் சரியாக அமைந்துவிட்டால் பொறியியல் தரும் சந்தோஷம் தனி. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பள்ளிப் பிள்ளைகளாக நாங்கள் ‘கம்பிவேலி’ என்று சொல்வோம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு 1970இல் கட்டி முடித்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஏன் அந்த மலைச்சரிவில்? ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. சரிவும் கிட்டத்தட்ட 11 பாகை, அதுவும் வடக்கு–தெற்காக. அதன்மேல் படுக்க வைத்துவிட்டால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அந்த ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும், வானத்தில் நகரும் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம். ரேடியோ அலை வீசும் தூரத்து விண்மீன் மண்டலங்களை நிலா மறைக்கும் கணத்தை வைத்து அவற்றின் அளவைக் கணித்தார்கள். கேள்வி வானியலுடையது, விடையில் பாதி ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. நம் மலையிலேயே இப்படி ஒன்று இருக்கும்போது பொறியியலை வெறும் சிமென்ட் வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

பயனும் உடனே கண்ணுக்குத் தெரியும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை (ஜி.எஸ்.ஐ.) 2024 ஜூலையில் கொல்கத்தாவில் மண்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கியபோது, முதலில் அறிவிப்பு கொடுத்த மாவட்டங்கள் டார்ஜிலிங், கலிம்போங், அவற்றோடு நம் நீலகிரி. ரோட்டோரச் சரிவுகளில் துளை போட்டு இரும்புக் கம்பி இறக்கி, மேலே புல் வளர்க்கிற முறையும் இங்கே வந்துவிட்டது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும், படித்த ஆளுக்குச் சம்பளமும் உண்டு. அண்ணன் சொன்னதில் தப்பில்லை.

ஒரு இடத்தில்தான் எனக்கு உறுத்தும். கம்பி இறக்குவது ரோட்டோரத்தில். ரோடு ஒரு துறையின் சொத்து, செலவு கணக்கில் ஏறும். அம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு யாருடையது? மேலே தேயிலை ஒருவருடையது, கற்பூர மரம் இன்னொருவருடையது, வெட்டிய மண் எங்களுடையது என்று எங்களால் சொல்ல முடியாது, பட்டா இல்லை. அந்தச் சரிவுக்குக் கணக்குப் போட்டு 0.9 என்று விடை சொல்லலாம். சொன்ன பிறகு யார் வருவார்கள்?

இந்த இடத்தில்தான் மிச்சமிருக்கும் வாசல், சமூக அறிவியல், திறக்கிறது. நான் இதை ரொம்ப நாள் மதித்ததில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் சமூக அறிவியல் என்றால் கேள்வித்தாள் கொடுத்து டிக் போட்டு வாங்கி, சதவீதம் போட்டு முடிப்பது என்ற இளக்காரம் உண்டு, நானும் அதில் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அண்ணன் மகள் எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காக அப்படி ஒரு தாளைத்தான் பாட்டியிடம் கொண்டுபோனாள். நானும் கூட இருந்தேன். கொட்டாங்கச்சியில் சாம்பல் எடுத்துப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார் அம்மா. இவள் படித்தாள்: “மண்சரிவு குறித்த உங்கள் அச்சம். மிக அதிகம், அதிகம், நடுநிலை, குறைவு, மிகக் குறைவு.”

அம்மா கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். “பயம்னு எழுதினா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பயமில்லன்னு எழுதினா செவுரு கட்டித் தர மாட்டாங்க. உனக்கு எது வேணும்னு சொல்லு கண்ணு, அதையே சொல்றேன்.”

அவள் ‘நடுநிலை’ என்று டிக் போட்டாள். ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் அந்தப் பதிலுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. பயத்தை அளக்கப் போனவளிடம், பயத்தைச் சொல்வதற்கு என்ன விலை என்று ஒரு கிழவி சொல்லிவிட்டார். அதை அப்படியே எழுதத் தெரிந்தால் அதுதான் சமூக அறிவியல் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த மலை அந்தத் துறைக்குப் புதிதும் அல்ல. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1902 வாக்கில் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களிடம் வந்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் கேட்டு எழுதினார். இன்னாருக்கு இன்னார் என்ன முறை என்று ஆளைச் சுட்டிக் கேட்டே ஒரு சமூகத்தின் அமைப்பைப் பிடிக்கும் அந்த வழி பிறகு மானுடவியலுக்கே பாடமானது. மொழியியலாளர் எமெனோ 1930களில் வந்து மூன்று வருடம் போலத் தங்கினார், தோட மொழி, கோத்த மொழி என்று காதால் கேட்டே எழுதினார். திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை 1961இல் பர்ரோவோடு சேர்ந்து கொண்டுவந்தவர் அவர்தான். இரண்டு பேரில் எனக்குப் பிடித்தது எமெனோவை, காரணம் உட்கார்ந்திருந்த நேரம். ஆனால் இருவருமே கப்பலேறிப் போய்விடக்கூடிய ஆட்கள்.

எங்கள் பெண்ணால் போய்விட முடியாது, அதுதான் அவளுடைய பலமும் சங்கடமும். பலம் என்னவென்றால், தோட்ட ஆபீஸ்களில் பல பத்து வருட மழைக்கணக்குத் தடிமனான நோட்டுகளில் கிடக்கிறது, தினமும் காலையில் யாரோ அளந்து எழுதியது. அதைக் கேட்டு வாங்க அறிவியல் பட்டம் மட்டும் போதாது, கிளார்க்கிடம் உட்கார்ந்து டீ குடிக்கத் தெரிய வேண்டும். எந்த மழைக்கு எந்த லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தண்ணீர் புகுந்தது, எந்த ஊற்று கலங்கியது, எந்த வருடம் மேலே கால்வாயைத் தூர்த்தார்கள் என்று இலை நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கிற பெண்களுக்குத் தெரியும். அவளுக்கு அங்கே யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டாம், சின்னப் பிள்ளையாகப் பாட்டியின் கூடைக்குப் பக்கத்தில் நின்ற இடம்தான்.

சங்கடம் இது. என் 29 சதுரங்களைப் பற்றி நான் என்ன எழுதினாலும் கன்றுகளுக்கு நஷ்டமில்லை. அவள் ‘இந்த வரிசையில் 14 வீட்டுக்குப் பட்டா இல்லை’ என்று எழுதி, ஊர்ப் பெயரையும் போட்டுவிட்டால், நாளைக்கு அதே பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் காலி பண்ணச் சொல்லி வரலாம். ஊரை மறைத்து எழுத வேண்டும், மறைத்தாலும் உண்மை போகாமல் எழுத வேண்டும். ஒப்புதல் படிவம் என்று ஒன்றை நீட்டினால் கையெழுத்துப் போடவே பயப்படுகிற ஜனம், ஏற்கெனவே ஒரு கையெழுத்தில் நாடு மாறியவர்கள். இதற்கெல்லாம் எந்தக் கருவியும் இல்லை. அபாய வரைபடம் போடுகிற பொறியியல்காரருக்கும் இதே பொறுப்பு உண்டு, சிவப்பு பூசிய இடத்தில் வீடு விற்காது. அவர்களுக்கு அதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை.

மூன்றையும் கலந்து செய்யலாமே என்று நடுவில் கேட்டாள். ஆசைதான். இப்போது எல்லா நிதி அறிவிப்பிலும் பலதுறை, பலதுறை என்றுதான் எழுதுகிறார்கள். என் அபிப்பிராயம், பட்டம் வாங்கும்வரை ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம். தீசிஸைத் திருத்துகிறவர் ஏதாவது ஒரு துறைக்காரராகத்தான் இருப்பார், மற்றதை ‘ஆழமில்லை’ என்று எழுதுவார். வேலைக்குப் போனால் உன் பட்டம் எங்கள் பாடத்துக்கு இணையானதா என்று கேட்டு நிற்க வைப்பார்கள், அதில் வருடங்கள் போனவர்களை எனக்குத் தெரியும். ஒரு துறையில் காலூன்றிக்கொண்டு பக்கத்துத் துறையில் ஒரு நண்பரை வைத்துக்கொள்வது நல்லது. எறும்பு துடைத்தவரின் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

கைடைப் பற்றி நீட்டி எழுத ஆசை, ஆனால் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து, எத்தனை வருடத்தில் முடித்தாய் என்று கேள். ஏன் என்று கேட்க வேண்டாம், முகத்திலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவும் பேசிய பிறகு நான் சொன்ன முடிவு: யு.ஜி.சி. நெட், புவியியல். சி.எஸ்.ஐ.ஆர். வேண்டாம், கடலையும் கோளையும் படித்து வருகிற வாசலுக்கு அவளுடைய சரிவு ரொம்பச் சின்னது. கேட் ஒருமுறை எழுதி வைக்கலாம், 3 வருடம் கையில் இருக்கும், அண்ணனுக்கும் மனம் ஆறும். இயற்கை அறிவியல்காரியான நான் இதைச் சொல்வது எனக்கே வினோதமாக இருந்தது. காரணம் இதுதான்: மழை எவ்வளவு பெய்தால் மண் இறங்கும் என்று சொல்ல கொல்கத்தாவிலிருந்தாவது ஒருவர் இருக்கிறார். அந்த மண்ணுக்குக் கீழே யார், எப்படி, எந்த வருடத்தில் வந்து சேர்ந்தார்கள், அறிவிப்பு வந்த ராத்திரி ஏன் வீட்டைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்க யாரும் பஸ் ஏறி வரப் போவதில்லை. தவிர, அவளுக்குப் பூஜ்யம் காட்டுகிற கருவியோடு பொறுமை கிடையாது. மிக்சி நின்றால் தட்டுகிற ஜாதி. ஆனால் பாட்டி ஒரே கதையை நான்காவது முறை சொல்லும்போதும், போன தடவை கப்பலில் மழை பெய்தது என்றாய், இப்போது வெயில் என்கிறாயே என்று பிடிக்கிறவள்.

இரண்டு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனபோது பின்சுவருக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். 2009 விரிசலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு எம்-சீல் வைத்து ஒட்டியிருந்தது. என் லேபிலிருந்து எடுத்துப் போன மைக்ராஸ்கோப் ஸ்லைடு. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், எறும்புக்காரர் போனில் சொல்லிக் கொடுத்தாராம். பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டிருந்தாள். தேதிக்குக் கீழே இன்னும் சில தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மில்லிமீட்டர் கணக்கு, தோட்ட ஆபீஸ் நோட்டிலிருந்து எடுத்தது.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். “பொங்கலுக்கு வெள்ளையடிச்ச செவுரு. இது எழுதுனத அழிக்கக் கூடாதாம். கேட்டா, உன்னையும் இதுல எழுதிருக்கேன்னு சொல்லுது.”

எங்கே என்று பார்த்தேன். கடைசித் தேதிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: ‘ராத்திரி பாட்டி தூங்கல.’